தேரா, கத்தியா? முல்லைக்கொடி வளர்ப்பில் ஒரு பழைய கேள்வி

முல்லைக்கொடியை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழில் இரண்டு பழைய கதைகள் விடை சொல்கின்றன. பறம்புமலைப் பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுவிட்டுப் போனான். புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் நினைவுகூரும் கொடை இது. மற்றது தலபுராணக் கதை. சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் தென்திருமுல்லைவாயிலில், குதிரையின் குளம்பில் முல்லைக்கொடி சிக்கிக்கொள்ள, கிள்ளிவளவன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். கீழே மறைந்திருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் கசிந்தது. சென்னைக்கு அருகே உள்ள வடதிருமுல்லைவாயிலிலும் இதே கதைதான். அங்கே குதிரைக்குப் பதில் யானை, சோழனுக்குப் பதில் தொண்டைமான்.

தாங்கு கொடுத்தவன் வள்ளல், வெட்டியவன் குற்றவாளி. மரபின் தீர்ப்பில் ஐயமே இல்லை. ஆனால் இன்றைய தோட்டக்கலை கிள்ளிவளவன் பக்கம் நிற்கிறது. தை மாதத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டரில், கொடி முழுவதையும் வெட்டிவிடச் சொல்கிறது. இதில் வேடிக்கை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை ரகங்களில் ஒன்றின் பெயர் 'பாரிமுல்லை'. அதையும் ஆண்டுதோறும் வெட்டித்தான் வளர்க்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே எந்த வழி சரி என்பது எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி விடை தரும் கேள்வி அல்ல. காரைக்கால் போன்ற கடைமடைக் கடலோரத்தில் அது இன்னும் சிக்கலாகிறது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, நண்டலாறு, திருமலைராயனாறு, புரவடையனாறு எனக் காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் முன் கடைசியாகப் பாயும் நிலம் இது. மேற்கே களி கலந்த வயல், கிழக்கே மணல்மேடு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, கோடையில் கரிக்கும் கிணறு. கோயம்புத்தூரின் செம்மண்ணிலும் மதுரையின் கரட்டு நிலத்திலும் தேறிய விதி இங்கே அப்படியே செல்லுமா என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

எந்தக் கொடி?

விவாதத்தில் பாதி, பெயர்க் குழப்பத்தால் வருவது. கடையில் 'மல்லி' என்றும் 'முல்லை' என்றும் 'பிச்சி' என்றும் சரமாக விற்கப்படுபவை மூன்று வேறு செடிகள். மல்லிகை, லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட சம்பக் இனம். இலை ஒற்றையாக, எதிரெதிராக இருக்கும். கொடியைவிடப் புதர் என்பதே பொருந்தும். பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்லப்படும் கிராண்டிஃபுளோரம் இனத்துக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள். முல்லை மூன்றாவது. அதன் இலையை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய இலை, அதன் அடியில் காதுமடல்போல இரண்டு குட்டி இலைகள். 'காதுள்ளது' என்ற பொருளில்தான் 1794-இல் மார்ட்டின் வால் இதற்கு ஆரிக்குலேட்டம் என்று பெயர் வைத்தார். வால் கோபன்ஹேகனில் இருந்த தாவரவியலாளர். காரைக்காலுக்குச் சற்றே வடக்கில் உள்ள தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் வசம் இருந்தது. அங்கிருந்து உலர்த்திய செடி மாதிரிகள் கோபன்ஹேகனுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது.

சங்க நூல்களில் வரும் முல்லை, தளவம், மௌவல், பிடவம் ஆகியவற்றுக்கு இன்றைய பெயர் எது என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' போன்ற நூல்கள் இந்தத் தேடலிலிருந்து பிறந்தவை. அந்த வழக்கு இங்கே நமக்கு முழுதும் வேண்டாம். ஒன்று மட்டும் முக்கியம்: மல்லிகைக்குச் சொன்ன வைத்தியத்தை முல்லைக்குச் செய்தால் தேதியே தவறிவிடும். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்யச் சொல்வது பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்த இரண்டு மாத இடைவெளி, உள்நாட்டில் பெரிய வித்தியாசம் ஆகாமல் போகலாம். கடலோரத்தில் அது ஒரு பருவ வித்தியாசம்.

பந்தல் கட்சி

பந்தல் போடு, கொடியை ஏற்று, விட்டுவிடு. தஞ்சை, நாகை, காரைக்கால் கொல்லைகளில் நெடுங்காலமாக நடந்து வருவது இதுதான். கிணற்றடியில் குச்சி நட்டு, நான்கு சவுக்குக் கழி ஊன்றி, மேலே மூங்கில் பிளாச்சு பரப்பி விடுவார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் வேருக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை காய்ந்த குச்சியை ஒடித்துப் போடுவதோடு பராமரிப்பு முடிந்தது.

இதன் வேர் கொல்லையோடு நிற்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தியும், அதைப் பராமரிப்போருக்குச் செய்த ஏற்பாடும் வருகின்றன. முல்லையைத் தலமரமாகக் கொண்ட கோயில்கள் காவிரிக் கரையில் உண்டு; பாபநாசத்துக்கு அருகே கருகாவூரில் இறைவன் பெயரே முல்லைவனநாதர். தலமரத்தைக் கத்தியால் தொடுவது பக்தருக்கு ஒவ்வாத செயல். வீட்டுக் கொல்லையிலும் அந்தத் தயக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடியில் கைவைக்காதே, விளக்கு வைத்த பிறகு பூப் பறிக்காதே என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பந்தல் கட்சிக்குச் செடியியல் சார்ந்த நியாயமும் இருக்கிறது. காட்டில் முல்லை வேலிப்புதரின் மேல் ஏறி, வேர்ப்பகுதி நிழலிலும் நுனி வெயிலிலும் இருக்குமாறு வளரும் கொடி. பந்தல் அந்த நிலையை அப்படியே தருகிறது. தன் நிழலைத் தன் வேருக்கே போட்டுக்கொள்ளும் கொடிக்குக் கோடையில் தண்ணீர் குறைவாகவே தேவைப்படும். வீட்டுக்கு வேண்டியது நாளுக்கு ஒரு முழம் பூ என்றால் இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

பலவீனமும் வெளிப்படையானதே. நான்கைந்து ஆண்டில் பந்தலின் மேல்தட்டு மட்டும் பச்சையாக இருக்கும். உள்ளே காய்ந்த கொப்புகள் பின்னிக் கிடக்கும். பூ கைக்கெட்டாத உயரத்தில் பூக்கும். காற்றோட்டமும் வெயிலும் நுழையாத அந்த உள்ளடுக்கு, சிலந்திப்பேனும் மொட்டுப்புழுவும் தங்குவதற்கு ஏற்ற இடம். கடலோரத்தில் இன்னொன்று: புயல். பாய்போல விரிந்த பந்தல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது தென்னையே வேரோடு சாய்ந்த ஊர்களில் சவுக்குக் கழிப் பந்தலின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கத்தியின் கட்சி

வணிகச் சாகுபடி வந்த பிறகு கேள்வி மாறியது. கொடி எப்படி வாழும் என்பது போய், மொட்டு எவ்வளவு, எப்போது, எந்த உயரத்தில் என்பது வந்தது. விடை, முல்லையின் ஒரு குணத்தில் இருந்தது. அது புதுத் தளிரின் நுனியிலும் இலைக்கணுவிலும் பூக்கும். பழைய கொப்பு எவ்வளவு தடித்தாலும் அதில் நேராகப் பூ வராது; அதிலிருந்து புதிதாகக் கிளைக்கும் தளிரில்தான் வரும். ஆகவே புதுத் தளிர் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை பூ. ஒரேயடியாக வெட்டினால் ஒரேயடியாகத் துளிர்க்கும். ஒரேயடியாகத் துளிர்த்தால் கூலி ஆளைக் கூப்பிட்டு ஒரே வீச்சில் பறிக்கலாம்.

அதிலிருந்து ஒரு முழு முறையே உருவாயிற்று. முல்லைக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4,400 செடி. மல்லிகைக்கு 1.25 மீட்டர், 6,400 செடி. கவாத்துக்குப் பின் செடிக்கு 10 கிலோ தொழு உரம், அதோடு ரசாயன உரத்தை இரண்டு தவணையாக, ஒன்று கவாத்து முடிந்ததும், மற்றது ஜூன் ஜூலையில். வெட்டிய முனையில் தாமிரப் பூசணக்கொல்லிப் பசை. இலை மஞ்சளித்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளிப்பு. கோ 1, கோ 2 முல்லைகளும் முடிச்சுச் சிலந்தியைத் தாங்கும் பாரிமுல்லையும் இந்த முறைக்குள் வைத்தே மதிப்பிடப்பட்டவை. இன்று வேதாரண்யம் வட்டாரத்தின் மணற்பாங்கான ஊர்களில் முல்லை ஒரு பணப்பயிர். அங்கே பந்தல் அபூர்வம். இடுப்புயரப் புதர்தான் வயலெல்லாம்.

இந்தக் கட்சியின் வெற்றி இலக்கியத்தோடு ஒரு முரணை உண்டாக்கியிருக்கிறது. சங்கப் பாடல்களில் முல்லை கார்காலத்துப் பூ. மழை வந்தால் பூக்கும். பூத்தால் தலைவன் திரும்பி வருவான் என்பது தலைவியின் கணக்கு. இன்றோ கவாத்து செய்து நீர் பாய்ச்சிய முல்லை பங்குனி சித்திரையிலேயே அரும்பெடுக்கத் தொடங்கிவிடுகிறது. மழையை நம்பிய கொடி மழையோடு பூத்தது. கத்தியை நம்பிய கொடி கத்தி சொன்ன நாளில் பூக்கிறது. சங்க முல்லை வேறு இனம் என்று வாதிடுவோர் இந்தப் பருவ வேறுபாட்டையும் சான்றாகக் காட்டலாம். எனினும் வளர்ப்பு முறையே பூக்கும் மாதத்தை நகர்த்தக்கூடியது என்பதால் அந்தச் சான்று அவ்வளவு வலுவானதாகத் தெரியவில்லை.

கத்திக் கட்சியின் பலவீனம் எங்கே? முதலில், அது வயலுக்கான விடை. கொல்லையில் ஒற்றைக் கொடி வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் ஆயிரம் தளிர் தேவையில்லை. அடுத்து, ஒவ்வொரு வெட்டும் ஒரு புண். காய்ந்த காற்றில் அது இரண்டு நாளில் ஆறும். ஈரக்காற்றில் பூசணத்துக்கு வாசலாகும். மூன்றாவது, முழுக்க வெட்டப்பட்ட செடி அடுத்த இலை வரும்வரை வேரில் சேமித்ததை வைத்துத்தான் வாழ வேண்டும். வேர் ஏற்கெனவே அழுகிக்கொண்டிருந்தால் கத்தி அதைக் காப்பாற்றாது, முடித்துவைக்கும். கையேடுகள் நல்ல வடிகால் உள்ள மண் என்ற ஒரே தொடரில் இந்தக் கடைசிச் சிக்கலைக் கடந்துபோகின்றன. கடைமடைக்காரருக்கு அந்த ஒரு தொடர்தான் முழுப் பிரச்சினையும்.

குளிர்நாட்டின் சாட்சி

வெட்டுவதா விடுவதா என்ற இதே வழக்கு ஐரோப்பியத் தோட்டங்களில் வேறொரு கொடியை வைத்து நடந்திருக்கிறது. கிளமாட்டிஸ் என்ற அந்தக் கொடியின் காட்டுவகைகள் நமக்கும் அந்நியமல்ல. நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் கௌரியானா, வைட்டியானா போன்ற இனங்கள் மரங்களின்மேல் வெண்பூவாகக் கவிந்து கிடக்கும். கடலோரத்துக்கு மட்டும் அது வராது. தோட்டக் கலப்பினங்களுக்கு ஆண்டில் சில மாதம் குளிர்ந்து உறங்க வேண்டும். காரைக்காலில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது.

இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் ஜார்ஜ் ஜாக்மேன் பண்ணையில் உருவான பெரிய ஊதாப்பூ ஜாக்மேனியை 1862-இல் முதன்முறை பூத்தது. அதன்பின் கலப்பினங்கள் பெருகின. 1872-இல் தாமஸ் மூரும் ஜாக்மேனும் சேர்ந்து கிளமாட்டிஸுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். எல்லாக் கொடியையும் ஒரே மாதிரி வெட்டிப் பூவை இழந்த அனுபவத்திலிருந்து மெல்ல மெல்ல மூன்று பிரிவு என்ற தீர்வுக்குத் தோட்டக்காரர்கள் வந்து சேர்ந்தனர். போன ஆண்டுக் கொப்பில் பூப்பவை முதல் பிரிவு. பூத்து முடிந்தபின் லேசாகச் சீர் செய்தால் போதும். பழைய கொப்பிலும் புதிதிலும் இருமுறை பூப்பவை இரண்டாவது. குளிர் முடியும்போது மேலோட்டமாக வெட்டு. புதுத் தளிரில் மட்டும் பூப்பவை மூன்றாவது. குளிர்கால முடிவில் தரையிலிருந்து ஓர் அடி விட்டு மொத்தமாக வெட்டு. ஜாக்மேனியை மூன்றாம் பிரிவு. வெட்டாமல் விட்டாலும் அது சாகாது. ஆனால் பூ முழுவதும் உச்சியில் போய் நிற்கும், அடி மொட்டையாகிவிடும். நம் முல்லைப் பந்தலுக்கு நேர்வது இதுவேதான்.

ஆக, அந்த மூன்று பிரிவுக் கணக்கில் முல்லை மூன்றாம் பிரிவுக்குரிய கொடி. கத்திக் கட்சிக்கு இது வலுவான ஆதரவு. ஆனால் சாட்சி அதோடு முடியவில்லை. குளிர்நாட்டில் எப்போது வெட்டுவது என்பதை ஆண்டின் மோசமான காலம் தீர்மானிக்கிறது. அங்கே மோசமான காலம் பனி. பனி முடியும் தறுவாயில், கொழுந்து கண் திறக்கும் முன் வெட்டுகிறார்கள். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன பிரான்சின் கிராஸ் நகரில் நம் பிச்சி இனத்தைப் பயிரிட்டவர்கள் அதை வேறொரு மல்லிகையின் அடிக்கட்டையில் ஒட்டுக்கட்டி, குளிர் வரும்போது அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்து மூடி, வசந்தத்தில் மண்ணை விலக்கிய பிறகே கத்தியை எடுத்தார்கள். கெட்ட பருவத்தைக் கடத்திவிட்டு வெட்டு என்பதே அவர்கள் விதியின் சாரம். பிப்ரவரி, மார்ச் என்ற மாதப் பெயர்கள் அந்த ஊருக்கு மட்டுமே உரியவை.

புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பெரோத்தே போன்றோர் வெளிநாட்டுச் செடிகளைப் பழக்கப்படுத்த முயன்ற காலத்திலிருந்தே, விதியை இறக்குமதி செய்வது செடியை இறக்குமதி செய்வதைவிட எளிதாக இருந்திருக்கிறது. கிளமாட்டிஸ்காரர்களின் இன்னொரு பிரபல அறிவுரையைப் பாருங்கள்: நாற்றைத் தொட்டியில் இருந்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நடு. வாடல் நோய் தண்டைக் கருக்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கட்டும் என்ற கணக்கு அது. நெகிழ்ந்த, வடியும் மண்ணில் அருமையான யோசனை. திருநள்ளாற்றுக் களிமண்ணில் முல்லையை அப்படி நட்டால் முதல் அடைமழையில் கழுத்தழுகிவிடும்.

கார்த்திகைத் தேதியும் கடைமடை மழையும்

உள்நாட்டுப் பரிந்துரையில் மல்லிகைக்குச் சொன்ன நவம்பர் கடைசி வாரம், தமிழ்க் கணக்கில் கார்த்திகை இரண்டாம் வாரம். காரைக்காலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே ஆண்டின் பெருமழைக் காலம்; அதன் உச்சம் நவம்பர். 2008-இல் நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையேறிய நாள் நவம்பர் 27. அந்தப் புயல் மழையில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் பதிவானது. மல்லிகைக் கவாத்துக்குக் கையேடு குறித்த வாரமும் அதுவே.

பல இடங்களில் கவாத்துக்கு முன் தண்ணீரை நிறுத்திச் செடியை வாடப்போடுவார்கள். வளர்ச்சி நின்று, இலை உதிர்ந்து, சேமிப்பு தண்டுக்கு இறங்கட்டும் என்பது காரணம். கார்த்திகையில் கடைமடையில் தண்ணீரை யார் நிறுத்துவது? வயலில் வாய்க்கால் நிரம்பி வரப்பு மறையும் நேரம். செடி வாடாது, துளிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் வெட்டினால் புண்ணில் ஈரம், வேரில் ஈரம், வானில் வெயில் இல்லை.

இதற்கு எதிர்வாதமும் கேட்கத்தக்கதே. தாமதித்தால் பூ தாமதிக்கும். தை, மாசி முகூர்த்தங்களிலும் பொங்கலிலும் பூவின் விலை ஏறியிருக்கும் நேரம்; பருவம் தப்பிய பூவுக்காகக் கவாத்தை முன்னே இழுக்கும் முறையே மல்லிகையில் கையாளப்படுகிறது. சில நாள் மழைக்குப் பயந்து தேதியைத் தள்ளினால் லாபம் போய்விடும் என்பது வயல்காரர் வாதம். வேதாரண்யம் பக்கத்து மணலில், மழை நின்ற சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும் இடத்தில், இந்த வாதம் நிற்கலாம். நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்துக் களியில் நிற்பது கடினம். மாவட்டத்துக்கு ஒரு தேதி சொல்வதைவிட, மணலுக்கு ஒன்று களிக்கு ஒன்று என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

முல்லையைப் பொறுத்தவரை, யாரும் திட்டமிடாமலே தேதி இந்தக் கடலோரத்துக்குப் பொருந்திவிட்டது. ஜனவரி கடைசி என்பது தை நடுப்பகுதி. மழை ஓய்ந்து, காற்று காய்ந்து, வெயில் திரும்பும் நேரம். இன்னொரு காரணமும் சேர்கிறது, இது பெரும்பாலும் பேசப்படாதது: உப்பு. கடலோர மண்ணில் கோடை முழுதும் ஆவியாகி மேலே ஏறும் உப்பை மழைநீர்தான் கீழே தள்ளுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த வயல்கள் தேறியதிலும் அடுத்தடுத்த பருவமழைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பருவமழை முடிந்த தையில் மண்ணும் கிணறும் ஆண்டிலேயே மிக இனிப்பாக இருக்கும். முழுதாக வெட்டப்பட்டு, மிச்ச பலத்தில் துளிர்க்கப்போகும் செடிக்கு அந்த நன்னீர் ஒரு முதலீடு. அதே வெட்டைப் பங்குனிக்குத் தள்ளினால் இளந்தளிர் வரும்போது கிணறு கரிக்கத் தொடங்கியிருக்கும். இலை விளிம்பு கருகும்.

வேர்க் கட்சி

பந்தலா கத்தியா என்று மேலே பார்த்துக்கொண்டே சண்டையிடுகிறீர்கள், விடை கீழே இருக்கிறது என்பவர்கள் மூன்றாவது அணி. பெரிய நூல்களோ பெயர்பெற்ற தலைவர்களோ இதற்கு இல்லை. மண் ஆய்வாளர்களும் அனுபவம் மிகுந்த தோட்டக்காரர்களும் சொல்வதைத் தொகுத்தால் கிடைக்கும் நிலைப்பாடு இது.

முல்லை சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான கவாத்து அல்ல, தேங்கிய தண்ணீர். களிமண் கொல்லையில் குழி வெட்டி நட்டால் அந்தக் குழியே கிண்ணமாகி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே குழி வேண்டாம், மேடு வேண்டும்: சுற்றிலும் இருந்து மண்ணையும் மணலையும் மக்கிய குப்பையையும் அள்ளி முழங்கால் உயர மேடாக்கி, அதன் உச்சியில் நடு. டெல்டாவில் வீடுகளே திடலில்தான் கட்டப்படுகின்றன. கொடிக்கும் ஒரு திடல் தேவை. மழைக்காலத்தில் வேர் மூச்சுவிட இந்த உயரம், கோடையில் ஈரம் காக்க அடியில் தென்னை மட்டையோ சருகோ பரப்பிய மூடாக்கு. இலை மஞ்சளித்தால் உடனே உரம் போடாமல், முதலில் வடிகாலைப் பார், பிறகு தண்ணீரின் உப்பைப் பார், அதன் பின்னரே அன்னபேதி.

இந்த அணி சொல்வதில் மறுக்க அதிகம் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. நல்ல வேர் பூவுக்கு வேண்டிய அடிப்படை, அவ்வளவே. மேட்டில் நட்டு, வடிகால் அமைத்து, வெட்டாமலே விட்ட கொடி செழிப்பாக வளரும், ஆனால் அந்தச் செழிப்பெல்லாம் இலையாகப் போகும். வேர்க் கட்சிக்காரர்கள் சிலர் கத்தியை முழுக்கத் துறந்துவிடச் சொல்வது, பாதி உண்மையை முழு உண்மையாக விற்பது.

நடுவழிகள்

வெட்டாமலே விடாமலும் மொத்தமாக வெட்டாமலும் ஒரு வழி உண்டா? கிளமாட்டிஸ் வளர்ப்போர் ஒரே கொடியில் பாதியை அடிவரை வெட்டி, பாதியை உயரத்தில் விடுவதுண்டு. கீழும் மேலும் பூ கிடைக்கும். முல்லையில் இதை வேறுவிதமாகச் செய்யலாம். அடியிலிருந்து கிளம்பும் தண்டுகளில் மிகப் பழையதாக மூன்றில் ஒன்றை ஒவ்வொரு தையிலும் தரையோடு நீக்குவது. மூன்று ஆண்டில் கொடி முழுதும் புதிதாகிவிடும். எந்த ஆண்டிலும் மொட்டையாகாது. வேருக்கு அதிர்ச்சி குறைவு. பந்தல் வேண்டும் என்பவர் பந்தலையே தோள் உயரத்துக்குத் தாழ்த்தி, சமதளத் தட்டிக்குப் பதில் காற்று ஊடுருவும் கம்பி வரிசையாக அமைத்தால் புயலுக்கும் ஓரளவு தப்பும், பறிக்கவும் கைக்கெட்டும்.

இந்த நடுவழி வணிகத்துக்கு ஒத்துவராது. வயல்காரருக்குப் பூ ஒரே அலையாக வர வேண்டும். கொல்லைக்கு ஒத்துவரும் என்பதே என் மதிப்பீடு.

எஞ்சி நிற்பவை

சில விஷயங்கள் ஓரளவு தீர்ந்துவிட்டன என்று சொல்லலாம். முல்லை புதுத் தளிரில் பூக்கும் கொடி; ஆகவே ஏதோ ஓர் அளவில் வெட்டு தேவை. அந்த வெட்டுக்குக் கடலோரத்தில் தை நடு பொருத்தமான காலம். மல்லிகைக்குச் சொல்லப்படும் கார்த்திகைத் தேதி களிமண் பகுதிக்கு ஆபத்தானது. மார்கழிக் கடைசிக்குத் தள்ளுவது பாதுகாப்பு. குழியில் நடுவதைவிட மேட்டில் நடுவது மேல்.

தீராதவையும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு வெட்டும் முழு வெட்டும் கடலோர மணலில் ஐந்தாறு ஆண்டு பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டால் எது அதிகப் பூ தரும்? கிணற்று உப்பு எந்த அளவைத் தாண்டினால் கவாத்தே கெடுதலாகும்? பருவமழை ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகரும்போது, தேதியை நம்புவதைவிட, மழை நின்று மேல்மண் வெளுத்த நாளிலிருந்து எண்ணுவது சரியாக வருமா? செருமாவிலங்கையில் 1987 முதல் இயங்கும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி கடைமடையிலேயே இருக்கிறது. மணலும் களியும் சில மைல் தொலைவில் அடுத்தடுத்துக் கிடக்கும் மாவட்டம் இது. இந்தக் கேள்விகளைச் சோதிக்க இதைவிட வசதியான இடம் அமைவது கடினம்.

கொல்லையில் கொடி வைத்திருப்பவர்களும் இதில் பங்கு பெறலாம். மழை நின்ற நாள், வெட்டிய நாள், முதல் அரும்பு கண்ட நாள் என்று மூன்றே தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு ஆண்டு சேர்ந்தால் அது உங்கள் மண்ணின் கையேடு. இப்போது மழைக்காலம் என்றால் அவசரப்பட வேண்டாம். முல்லையை வெட்டத் தை கடைசி வரை நேரமிருக்கிறது.